ஒரு மதிப்பெண் பூங்கா

பத்து நிமிடத்தில் ஒரு மனிதன் சாதாரணமாக எவ்வளவு தூரம் நடப்பான்? நீங்கள் முக்கால் கிலோமீட்டர் என்பீர்கள். முழங்கால் வலி இருந்தால் அரை கிலோமீட்டர். டேப் அன்றைக்கு நடந்தது மொத்தம் நான்கு கடை.

டேப் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. மாநகராட்சிப் பூங்காத் துறையில் காலி மனைகளுக்கு மதிப்பெண் போடுகிற அதிகாரி அவர். இடுப்பில் எந்நேரமும் அளவு நாடாவோடு அலைவதால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் டேப்தான். சம்பளப் பட்டியலில் வேறு பெயரைப் பார்த்து ஒருமுறை கணக்குப் பிரிவில் யாரிது என்று விசாரித்திருக்கிறார்கள்.

நகரத்தில் அடுத்த பூங்கா எங்கே வரும் என்று முடிவு செய்வது அவர் அல்ல, அவர் கையில் இருக்கும் படிவம். மனையிலிருந்து பத்து நிமிட நடைக்குள் எத்தனை வீடுகள், பக்கத்தில் வேறு பூங்கா உண்டா, அந்த வழியில் எத்தனை சிறுவர்களும் வயதானவர்களும் வந்துபோகிறார்கள், தரை சமமா, தண்ணீர் தேங்குமா, இடம் எந்த அளவுக்குச் சீரழிந்து கிடக்கிறது என்று பெட்டி பெட்டியாக இருக்கும். மொத்தம் நூறு. கடைசிப் பெட்டியை மட்டும் மேலதிகாரி நிரப்புவார். அதில் வழக்கமாகச் சுழிதான் விழும். அதிக மதிப்பெண் வாங்கிய மனைக்கு இந்த முறை பூங்கா. மற்றவை இன்னும் நான்கு வருஷம் முள்ளும் குப்பையுமாகக் கிடக்க வேண்டியதுதான்.

முதல் பெட்டிக்குத்தான் அந்த நடை. மனை வாசலில் கடிகாரத்தை அழுத்திவிட்டு, சாதாரண வேகத்தில் நடந்து, பத்து நிமிடம் முடிகிற இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட வேண்டும். நடுவில் கடிகாரத்தை நிறுத்தக் கூடாது. நாய் துரத்தினாலும் நிறுத்தக் கூடாது என்று விதியில் எழுதியிருக்கிறதோ என்னவோ, டேப் நிறுத்த மாட்டார். ஆள் அப்படி.

சங்கடம் என்னவென்றால், அது அவருடைய அக்கா குடியிருக்கும் தெரு. அக்காவுக்கு ஒரு தம்பி இருக்கிறான், மாநகராட்சியில் வேலை பார்க்கிறான் என்று தெருவில் அத்தனை பேருக்கும் தெரியும். ஆளைப் பார்த்தவர்கள்தான் யாருமில்லை. கையில் கிடைத்ததும் விடுவார்களா? மருந்துக்கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரித்தார். தையல்கடை அம்மா முகத்தை இப்படியும் அப்படியும் பார்த்து, மூக்கு மட்டும் அக்கா மாதிரி இல்லை என்று முடிவு சொன்னார். சலவைக்கடை வாசலில் ஒருவர் தன் மகனுக்கு வேலை கிடைக்காத கதையை அவன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஆரம்பித்தார். மகன் எட்டாவது வகுப்புக்கு வருவதற்குள் கடிகாரம் அலறிவிட்டது. டேப் அங்கேயே குனிந்து கோடு போட்டார்.

"இதெல்லாம் ஒரு கணக்கா சார்? இன்னொரு தடவை நடந்துட்டாப் போச்சு" என்றார் சலவைக்கடைக்காரர். டேப் கோட்டை இன்னொரு முறை அழுத்திப் போட்டார்.

அக்கா தெருக்கோடியில் இருக்கும் அந்தத் தண்ணீர்த் தொட்டி மனைக்கு அன்று மொத்தம் ஐம்பத்தொன்பது. முந்தின வாரம் அவரே அளந்த, பஸ் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் மனைக்கு அறுபது.

ஒரே ஒரு மதிப்பெண். பென்சில் நுனி அந்த ஒன்பதின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றது. தம்பி வேலை பார்க்கும் துறையில் தம்பி கையாலேயே ஒரு மதிப்பெண்ணைத் தள்ளிப்போட எவ்வளவு நேரமாகும்? ஆனால் அக்கா வளர்த்த பிள்ளை அதைச் செய்யாது. அதுதான் வேதனை.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பத்தொன்பது, இவருக்கு ஒன்பது. ஒரு செருப்புக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பதினான்கு வருஷம் ஊரார் காலுக்கெல்லாம் அளவெடுத்துத்தான் தம்பியைப் படிக்க வைத்தாள். வேலை உத்தரவு அவர் கைக்கு வந்த பிறகுதான் தன் கல்யாணத்துக்குத் தலையாட்டினாள். இந்த முப்பத்தைந்து வருஷத்தில் தம்பியிடம் இது வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் செய்துவிடலாம் என்று இவரும் காத்திருந்து காத்திருந்து, அவள் வீட்டுக்குப் போவதைக்கூட அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஒன்பது பஸ் நிறுத்தம்தான். போய் ஒன்றரை வருஷமாகியிருந்தது.

போன மாதம் அவளே தொலைபேசியில் கேட்டாள். ஏழு மாதத்துக்கு முன்னால் அத்தானுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். தெருவில் நடந்தால் லாரி இடிக்கும். அதனால் அத்தான் மாடி வராந்தாவிலேயே, படிக்கட்டிலிருந்து மின்சாரப் பெட்டி வரைக்கும், ஒரு நாளைக்கு நூற்றிருபது தடவை போய்வந்துகொண்டிருந்தார். வராந்தாவில் இருக்கும் மற்ற வீட்டுக்காரர்களுக்குத் தலை சுற்றியது.

"தெருக்கோடியில அந்தத் தண்ணித் தொட்டி மனை சும்மாத்தானே கெடக்கு. அதைப் பூங்காவாக்க முடியுமான்னு பாரேன்டா" என்றாள் அக்கா. "முடியலேன்னா விட்டுரு. நீ நல்லாயிருந்தாப் போதும்."

அன்றைக்கு டேப் தொலைபேசியை வைத்துவிட்டு மனைப் பட்டியலில் அந்த இடத்தைத் தேடி எடுத்தார். செருப்புக்கடையிலிருந்து வீங்கின காலோடு வந்து, அந்தக் காலை வெந்நீரில் வைத்தபடியே இவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் கேட்கிற ஒரே பொருள். இதைக்கூடச் செய்ய முடியாவிட்டால் தான் எதற்கு அதிகாரி என்று இருந்தது.

மறுநாளே போய் மேலதிகாரியிடம், அந்தத் தெருவில் சொந்த அக்கா இருப்பதைச் சொல்லி, தான் அளக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். எல்லோரும் மேடம் என்று அழைக்கும் அந்த அம்மாள் கடிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நம்ம துறையில அளக்கறவங்க ரெண்டே பேர். இன்னொருத்தரோட மாமியார் வீடு பணிமனைக்குப் பின்னாடி இருக்கு. சொந்தக்காரங்க இல்லாத தெருவாப் பார்த்துத்தான் அளக்கணும்னா வேற ஊர்லதான் பூங்கா கட்டணும். நீங்களே அளங்க. நேர்மையா அளங்க, அவ்வளவுதான்."

டேப் நேர்மையாக அளந்தார். எவ்வளவு நேர்மை என்றால், அளக்க வந்தவன் அக்கா வீட்டில் காபி குடித்தால் அதுவும் லஞ்சம்தான் என்று, கீழே நின்றே கையை அசைத்துவிட்டு நண்பகலில் கிளம்பிவிட்டார். மாடியிலிருந்து அக்காவும் கையை அசைத்தாள். மதிப்பெண் பட்டியலை மனை வாசலில் ஒட்டுவது விதி, ஒட்டியாகிவிட்டது. ஒரு மதிப்பெண்ணில் பூங்கா போய்விட்டது என்று தெருவுக்கே தெரிந்துபோனது.

நான்காம் நாள் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. குண்டு குண்டான, நடுக்கமான கையெழுத்து. 'அளக்க வந்த அதிகாரி வழியெல்லாம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடந்தார். இதை ஏற்க முடியாது. மறுபடி வந்து அளக்க வேண்டும்.' கீழே, 'ஒரு குடியிருப்பாளர்' என்று இருந்தது.

ஆட்சேபணை வந்தால் அளந்தவரே நேரில் போய் மறுபடி அளக்க வேண்டும். அடுத்த மாதக் கடைசி வரை எத்தனை ஆட்சேபணை வந்தாலும் அத்தனைக்கும் போக வேண்டும். டேப்புக்குத் தன் வேலையில் குறை சொல்லிவிட்டார்களே என்று முகம் தொங்கினாலும், மனதுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. நடையைச் சரியாக நடந்தால் அந்த ஒரு மதிப்பெண் என்ன, ஐந்துகூட வரும்.

வியாழக்கிழமை காலை ஐந்தரை மணிக்கே போய் இறங்கினார். தெருவில் ஈ காக்கை இல்லை. தடையில்லாமல் நடந்து, கோட்டைக் கடைவீதி முனையில் போட்டார். நடைப் பெட்டியில் ஐந்து கூடியது. அடுத்த பெட்டி, சிறுவர்களும் வயதானவர்களும். அந்த நேரத்தில் எந்தச் சிறுவன் தெருவுக்கு வருவான்? இரண்டு மணி நேரம் நின்று எண்ணியதில் ஒரே ஒரு பெரியவர் வந்தார். அவரும் வழி தவறி வந்தவர். எண்ணிக்கைப் பெட்டியில் ஏழு குறைந்து, மொத்தம் ஐம்பத்தேழில் வந்து நின்றது.

அக்கா படியிறங்கி வந்து ஒரு டம்ளர் காபியை நீட்டினாள். டேப் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நின்றபடியே குடித்தார். "மார்க் கொறைஞ்சா கொறையட்டும். நீ ஏன்டா இப்படி எளைச்சுப் போயிருக்கே?" என்றாள் அக்கா. மனைவிக்கு வெளியூரில் வேலை, மாதம் இரண்டு முறைதான் வருகிறாள், சாப்பாடெல்லாம் கேண்டீனில்தான் என்று சொல்லிவிட்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தார்.

அடுத்த வாரம் இரண்டாவது கடிதம் வந்தது. 'ஊர் எழுந்திருப்பதற்கு முன் வந்து, ஊர் கண்ணைக் கசக்குவதற்குள் போய்விட்டார். இது என்ன அளவு? நாள் முழுக்க இருந்து அளக்க உத்தரவிட வேண்டும்.'

மேடம் சிரித்துவிட்டார். டேப்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் எழுதியிருப்பது நியாயம். நாள் முழுக்க நின்றால் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் கணக்கில் வருவார்கள். கோபத்தை விழுங்கிக்கொண்டு மறுபடி வியாழக்கிழமை கிளம்பினார்.

இந்த முறை கெடுத்தது செயலாளர். குடியிருப்போர் சங்கச் செயலாளர், கழுத்தில் விசிலோடு திரிகிற ஆள், நல்ல மனுஷர். அதிகாரி நாள் பூராவும் இருக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் தெருவையே கூட்டி, முதல் நாள் முழுக்க அந்த மனையைப் பெருக்கி, முள் வெட்டி, குப்பையெல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார். டேப் போனபோது மனை பளபளவென்று இருந்தது. எல்லோரும் குளித்து நல்ல துணி உடுத்திக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

"எப்படி சார் இருக்கு?" என்றார் செயலாளர்.

டேப்புக்கு அழுகையே வந்துவிட்டது. இடம் எந்த அளவுக்குச் சீரழிந்து கிடக்கிறது என்ற பெட்டிக்குப் பத்து மதிப்பெண். எவ்வளவு மோசமோ அவ்வளவு மதிப்பெண். இப்போது அதில் போடுவதற்கு ஒரு காகிதத் துண்டுகூட இல்லை. பிள்ளைகள் கணக்கில் ஆறு கூடியும் மொத்தம் ஐம்பத்து மூன்றுதான் வந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. தன் அக்கா வீட்டுக்காரர் நடப்பதற்காக இத்தனை பேர் முதுகொடிய வேலை செய்திருக்கிறார்களே என்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். அவர்கள் பூங்கா கிடைத்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அன்று மதியம் வேறு வழியில்லாமல் அக்கா வீட்டில் சாப்பிட்டார். முழு நாள் அளவைக்கு ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை உண்டு, அதை எங்கே சாப்பிட வேண்டும் என்று விதியில் இல்லை என்பதைப் படிவத்தின் பின்பக்கம் வரை புரட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் படியேறினார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். சட்டையில் பொத்தான் இல்லாததைப் பார்த்து, போட்டிருக்கும்போதே தைத்துவிட்டாள். பழைய வாடகை வீட்டுக்காரர் மாதிரி பேசிக் காட்டினாள். டேப்புக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது. எதிரே அத்தான் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். அத்தான் பேசுவது அபூர்வம். கல்யாணத்தன்றுகூட அவருக்குப் பதிலாக அவர் அண்ணன்தான் பேசினார்.

மூன்றாவது கடிதம் வந்தபோது டேப் அதை இரண்டு முறை படித்தார். 'மனையை வேண்டுமென்றே சுத்தம் செய்து காட்டியிருக்கிறார்கள். உண்மை நிலையை மறுபடி வந்து பார்க்க வேண்டும். மேலும் அதிகாரி தலையில் ஒரு தொப்பிகூட இல்லாமல் உச்சி வெயிலில் நின்று எண்ணினார். அப்படி எண்ணிய கணக்கை எப்படி நம்புவது?'

"பார்த்தீங்களா மேடம், நக்கலை" என்றார் டேப். "வெயில்ல எனக்கு மூளை கலங்கிடுச்சுங்கறான். இவனுக்குப் பூங்கா வேணாங்கிறது இல்லை, என்னைப் புடிக்கலை."

நக்கலோ என்னவோ, அடுத்த முறை தொப்பி போட்டுக்கொண்டு போனார்.

போனால் மனையின் நடுவில் ஒரு குன்று. சீரழிவுப் பெட்டியில் சுழி விழுந்ததைப் பட்டியலில் படித்த செயலாளர், போன குப்பையைத் திரும்பக் கொண்டுவர முடியாமல், இரண்டு தெரு தள்ளி இடித்த கட்டடத்தின் செங்கல்லையும் காரையையும் இரண்டு லாரி கொட்டியிருந்தார். "இப்ப நல்லா மோசமா இருக்கா சார்?" என்று ஆர்வமாகக் கேட்டார். குப்பைக்கு ஒரு பெட்டி, தரை சமமாக இருப்பதற்கு வேறொரு பெட்டி என்று டேப் அவருக்கு விளக்கினார். ஒன்றில் மூன்று ஏறி, இன்னொன்றில் நான்கு இறங்கி, ஐம்பத்திரண்டு.

அன்று சாப்பிடும்போது டேப் பொரிந்து தள்ளிவிட்டார். ஒரு மதிப்பெண்ணில் நின்றதை இந்தக் கடிதக்காரன் இழுத்து இழுத்து எட்டு மதிப்பெண் பள்ளமாக்கிவிட்டான், அவன் மட்டும் கையில் கிடைக்கட்டும், எழுதின விரலை ஒடித்துவிடுகிறேன் என்றார். அத்தான் தட்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"விடுடா. எழுதறவங்களுக்கு என்ன கஷ்டமோ" என்றாள் அக்கா. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ."

அவள் நல்ல மனசை நினைத்துக்கொண்டே டேப் தட்டை நீட்டினார். "நீ எனக்குப் பண்ணினதுக்கெல்லாம் நான் ஒண்ணுமே பண்ணலைக்கா" என்றார். "இந்தப் பூங்கா ஒண்ணையாவது உனக்குச் செஞ்சு குடுத்தே ஆவேன்."

அக்கா தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

யார் அந்தக் கடிதக்காரன் என்று யோசித்ததில் டேப்புக்கு ஒரே ஆள்மேல்தான் சந்தேகம் வந்தது. அந்த மனையில் மூன்று கார்களைக் காசில்லாமல் நிறுத்திக்கொண்டிருந்த ஒருவர் எதிர்வீட்டில் இருந்தார். பூங்கா வந்தால் அவருக்குத்தான் நஷ்டம். அன்று மாலையே போய்க் கதவைத் தட்டி, ஆட்சேபணை இருந்தால் பெயரைப் போட்டு எழுதலாமே, எதற்கு ஒளிந்துகொண்டு எழுத வேண்டும் என்று கேட்டுவிட்டார். கார்க்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு ஆட்சேபணைன்னா வக்கீல் நோட்டீஸ் வரும் சார். உட்கார்ந்து கடுதாசி எழுதற அளவுக்கு எனக்குப் பொழுது கெடக்கா?" என்று கதவைச் சாத்தினார். டேப்பின் மூக்கு உடைந்ததுதான் மிச்சம்.

நான்காவது கடிதம் குன்றைப் பற்றி வந்தது. அது வருவதற்கு முன்பே செயலாளர் குன்றை எடுக்க ஒரு புல்டோசரை வரவழைத்திருந்தார். ஓட்டுநர் உற்சாகமான ஆள். குன்றை எடுத்தவர் அதோடு நிறுத்தாமல் கீழேயும் கொஞ்சம் எடுத்துவிட்டார். அன்று மாலை மழை பெய்தது. வியாழக்கிழமை டேப் போனபோது மனையில் ஒரு குளம் இருந்தது. எங்கிருந்தோ வந்த மூன்று வாத்துகள் அதில் நீந்திக்கொண்டிருந்தன. தண்ணீர் தேங்குமா என்ற பெட்டியில் தேங்காது என்று எழுத டேப்பின் கை வரவில்லை. வாத்துகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

இது போதாதென்று மாநகராட்சியின் நீர்நிலைப் பிரிவிலிருந்து, இந்த ஏரி எத்தனை ஆண்டுகளாக இங்கே உள்ளது என்று கேட்டு ஒரு குறிப்பு வந்தது. அது ஏரி இல்லை, போன வாரம் தோண்டின குழி என்று நிரூபிக்க டேப் மூன்று நாள் மாடிமாடியாக ஏறி இறங்கினார். ஐந்தாவது கடிதம் அந்த மூன்றாம் நாள் வந்தது. குளத்தின் ஆழத்தைக் கரையில் நின்றபடி குச்சியை விட்டுப் பார்த்தது செல்லாதாம். அவசரமில்லாமல் வந்து நிதானமாக அளக்க வேண்டுமாம்.

ஆறாவது முறையும் போனார். செயலாளர் குழியை மூடி மண் நிரப்பியிருந்தார். மண் பொதபொதவென்று இருந்தது. டேப்பின் ஒரு கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. செயலாளர் விசில் ஊதி ஆள் கூட்டி இழுத்தார். ஒரு செருப்பு வரவேயில்லை. மொத்தம் ஐம்பத்தொன்று.

செயலாளர் தலைகுனிந்து நின்றார். "எல்லாம் என்னாலதான் சார் கெட்டுப்போச்சு" என்றார். டேப் அவர் தோளில் கை வைத்தார். இந்த ஆறு வாரத்தில் ஒரு நாள்கூட இவர் முகம் சுளித்ததில்லை, வேலை என்றால் முதல் ஆளாக மண்வெட்டியைப் பிடித்தவர். அவரைத் திட்டவா முடியும்? இந்தத் தெருவில் இருந்த ஒவ்வொருவரும் தன்னிடம் அன்பாகத்தான் இருந்திருக்கிறார்கள் என்று டேப்புக்குத் தோன்றியது. அந்தக் கடிதக்காரனைத் தவிர.

அக்கா அவர் காலைக் கழுவிவிட வந்தாள். வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. நாற்பத்து நான்கு வயது அதிகாரி, குளியலறையில் முக்காலிமேல் உட்கார்ந்து, அக்கா காலில் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூங்கா கிடைக்காது என்பதை அப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். முடியவில்லை.

மாதக் கடைசியில் கூட்டம் நடந்தது. மேஜைமேல் இரண்டு மனைகளின் கோப்புகள். பணிமனைக்கு அறுபது. தண்ணீர்த் தொட்டிக்கு ஐம்பத்தொன்று. டேப் தலையைத் தூக்கவில்லை. மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பெட்டியை நிரப்ப ஆரம்பித்தார்.

"பொதுமக்கள் ஈடுபாடு. மனையைப் பத்தி வந்த கடிதம் ஒண்ணுக்கு ரெண்டு மதிப்பெண். பணிமனைக்கு எத்தனை கடிதம்?"

வழக்கம்போல ஒன்றும் இல்லை. இந்த ஊரில் பூங்காத் துறைக்குக் கடிதம் எழுதுகிறவர் யார்?

"தண்ணித் தொட்டிக்கு?"

"அஞ்சு மேடம். ஆனா அஞ்சும் ஆட்சேபணை" என்றார் டேப்.

மேடம் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஒரு விரலால் வரியைத் தொட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். "கடிதம்னுதான் போட்டிருக்கு. ஆதரிச்சு எழுதணும்னு இல்லை. ஒரு மனுஷன் அஞ்சு தடவை உட்கார்ந்து எழுதியிருக்கான்னா அதைவிட ஈடுபாடு என்ன வேணும்?" என்று சொல்லிப் பத்து என்று எழுதினார். ஐம்பத்தொன்றும் பத்தும் அறுபத்தொன்று.

டேப் கையால் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். கால்குலேட்டரில் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். நான்கு கடிதத்தோடு நின்றிருந்தால்கூட ஐம்பத்தொன்பதுதான். ஐந்தாவதுதான் காப்பாற்றியிருக்கிறது. விரலை ஒடிக்கிறேன் என்று சொன்னோமே என்று கூசியது. கோப்பிலிருந்த ஐந்து கடிதங்களையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மேடம் ஜன்னல் பக்கம் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று மாலை ஐந்து மணிக்கே அக்கா வீட்டில் இருந்தார் டேப். இனிப்புப் பெட்டியை அக்கா கையில் கொடுத்து, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார். அந்தக் கடிதக்காரர் மட்டும் யாரென்று தெரிந்தால் காலில் விழுந்துவிடுவேன், அவர் வாயால் கெட்டது சொன்னாலும் கையால் நல்லது செய்துவிட்டார், பூங்காவுக்கு அவர் பெயரையே வைக்கச் சொல்லுவேன் என்றார். இனி அத்தான் வராந்தாவில் நடக்க வேண்டாம். புல்தரையில் ஜம்மென்று நடக்கலாம்.

அக்கா முகம் மலர்ந்தது. தம்பியின் கன்னத்தைத் தடவினாள். "நீ பண்ணிக் குடுத்துட்டேடா, நல்லாயிரு" என்றாள். பிறகு இனிப்புப் பெட்டியின் நூலைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப வர்ற வியாழக்கிழமை?"

"வியாழக்கிழமை என்னக்கா? இனிமே எனக்கு இங்க வேலையே இல்லை. கட்டறவங்க வேற ஆளுங்க. உனக்கும் எனக்குச் சமைச்சுப் போடற தொல்லை விட்டுது."

"ஓ" என்றாள் அக்கா. பிரித்த நூலை விரலில் சுற்றினாள். சுற்றியதை அவிழ்த்தாள். காபி போடுகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உள்ளேயிருந்து பாத்திரச் சத்தமே கேட்கவில்லை.

டேப்புக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கேட்ட ஒரே பொருள், எத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதற்கு முகம் வாடுவானேன்? ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டோமா என்று எதிர் நாற்காலியைப் பார்த்தார். அத்தான் சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, செய்தித்தாளை மடித்து மடியில் வைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு வாயைத் திறந்தார்.

"இந்தப் பக்கம் அளக்க வேண்டிய மனை வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு மாப்ளே, நீ வரணும்னு உங்கக்கா சொல்லச் சொல்ல அஞ்சு கடுதாசி எழுதினதுல எனக்கு விரலெல்லாம் வீங்கிப்போச்சு, ஆறாவதையாவது நிதானமா எழுதறேன்."